வீட்டில் இணைய அலை நன்கு கிடைக்க வழி

தோட்டப்புறங்களுக்கு வானொலிப் பெட்டி புதிதாக வந்த காலத்தில், கூரைக்கு மேல் மூங்கிற் கழியை உயர்த்தி, அதில் கம்பியைக் கட்டி, ஒலி தெளிவாகக் கேட்கும் திசையைத் தேடிக் கண்டவர்கள் நம் முன்னோர். தொலைக்காட்சி வந்த பின்னர், ஒருவர் கூரைமேல் நின்று ஏரியலைத் திருப்புவதும், மற்றொருவர் வாசலில் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று குரல் கொடுப்பதும் லயங்களில் வழக்கமான காட்சியாயிற்று. இன்று நம் இல்லங்களில் பயன்படும் கம்பியில்லா இணையமும் அந்த வானொலி அலையின் உடன்பிறப்பே. ஆயினும், ஏரியலைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த நாம், இணையப் பெட்டியை மட்டும் முதல் நாள் வைத்த மூலையிலேயே விட்டுவிட்டு, "லைன் இல்லை" என்று சலித்துக்கொள்கிறோம்.

இந்தச் சலிப்பு சிறிய செய்தியன்று. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபொழுது, பள்ளிப் பாடங்கள் கைப்பேசிக்கு இடம்பெயர்ந்தன. அவ்வாண்டு ஜூன் திங்களில், சபா மாநிலத்தைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர் இணைய அலை கிடைக்காத காரணத்தால் மரத்தின்மேல் ஏறித் தங்கித் தேர்வு எழுதியதை நாடே அறியும். அந்த நெருக்கடி நீங்கிய பின்னரும், மாணவர்களின் பயிற்சிகள், வங்கிக் கணக்கு, ஊழியர் சேம நிதி வாரியக் கணக்கு, சொக்சோ விவரங்கள், அரசாங்க உதவிக்கான விண்ணப்பங்கள் எனப் பலவும் இணையத்தின் வழியே நடைபெற்று வருகின்றன. அலை அறுந்தால் பிள்ளையின் பாடம் அறும். விண்ணப்பத்தின் இறுதி நாள் தவறினால் உரிய உதவியும் கைநழுவிப் போகலாம்.

ஆதலின், வீட்டிற்குள் இணைய அலையை நன்கு பெறும் முறையை இப்பாடத்தில் காண்போம். இதன் சாரம் ஒன்றே: குறை எங்கே உள்ளது என்பதை முதலில் அளந்தறிய வேண்டும், பெட்டியின் இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும், பணத்தைச் செலவிடுவது அதற்குப் பின்னரே.

இரண்டு கட்டப் பயணம்

இணையம் நம் கைக்கு இரண்டு கட்டங்களில் வந்து சேர்கிறது. முதற்கட்டம், தொலைத்தொடர்புக் கோபுரத்திலிருந்தோ தெருவில் வரும் கண்ணாடி இழைக் கம்பியிலிருந்தோ நம் வீட்டுப் பெட்டி வரையிலானது. இரண்டாம் கட்டம், அந்தப் பெட்டியிலிருந்து நம் கைப்பேசி அல்லது கணினி வரையிலானது. இந்த இரண்டாம் கட்டத்தையே வைஃபை என்கிறோம். பெட்டியை மோடம் என்றும் ரவுட்டர் என்றும் கூறுவர். தோட்டப்புறங்களில் பெரும்பாலும் சிம் அட்டை செருகிய மோடத்தையோ, ஒரு கைப்பேசியின் இணையத்தை மற்றக் கைப்பேசிகளோடு பகிரும் 'ஹாட்ஸ்பாட்' முறையையோ பயன்படுத்துகின்றனர்.

பால் வெட்டும் தொழிலாளர்களுக்கு இதனை விளக்குவது எளிது. மரத்திலிருந்து பால் மங்கில் வடிகிறது. மங்கிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து ஸ்டோருக்கும் செல்கிறது. மரத்திற் பால் குறைவாக இருந்தால், பெரிய வாளி வாங்குவதால் பயன் விளையாது. வாளியில் ஓட்டை இருந்தால், மரம் எவ்வளவு சுரந்தாலும் ஸ்டோரில் நிறுக்கும்பொழுது எடை குறையும். இணையத்திலும் குறை மரத்திலா, வாளியிலா என்பதைக் கண்டறிவதே முதல் வேலை.

அதற்கான சோதனை வருமாறு. பெட்டியிலிருந்து மூன்றடி தொலைவில் நின்று, வேகத்தை அளக்கும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இயக்குங்கள். வரும் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் நடு அறை, பின்னறை, சமையற்கட்டு ஆகிய இடங்களில் அவ்வாறே அளந்து எழுதுங்கள். வேலைக்குப் புறப்படும் அதிகாலை, நண்பகல், இரவு ஒன்பது மணி என மூன்று வேளைகளிலும் இதனைச் செய்தல் வேண்டும். ஒரு முறை அளந்து முடிவு கட்டுதல் தவறு. ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை அளந்து நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்வது நன்று.

இந்தத் தாள் நமக்கு மூன்று செய்திகளைக் கூறும். பெட்டியின் அருகில் வேகம் மிகுந்தும் பின்னறையில் குறைந்தும் இருந்தால், குறை இரண்டாம் கட்டத்தில் உள்ளது. பெட்டியின் அருகிலேயே எல்லா வேளைகளிலும் வேகம் குறைவாக இருந்தால், குறை முதற்கட்டத்தில் உள்ளது. அதிகாலையில் நன்றாக இருந்து இரவில் மட்டும் தளர்ந்தால், ஒரே கோபுரத்தைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்துவதே பெரும்பாலும் காரணமாகும். அதனைப் பெட்டியை நகர்த்தி முற்றிலும் தீர்க்க இயலாது. பெரிய கோப்புகளை இறக்குதல் போன்ற வேலைகளை அதிகாலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எவ்வளவு வேகம் இருந்தால் போதும் என்ற கேள்வி எழலாம். ஒரு பிள்ளை காணொளி வகுப்பில் கலந்துகொள்ள, வினாடிக்கு 2 முதல் 3 மெகாபிட் வரை அறுபடாமல் கிடைத்தாற் போதும். ஒரு கணம் 30 மெகாபிட்டும் மறுகணம் ஒன்றுமில்லாமலும் ஏறி இறங்கும் இணைப்பைவிட, சிறிதளவே ஆயினும் நிலையாக வரும் இணைப்பே பாடத்திற்கு உகந்தது.

அலையின் இயல்பு

வைஃபை அலைகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது வினாடிக்கு 240 கோடி முறை அதிரும் அலை. அதன் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். அண்மைக் காலக் கருவிகள் சிலவற்றில் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் உண்டு.

இவ்வலைகள் தொலைவு செல்லச் செல்ல மெலியும். திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால், அலையின் வலிமை கால் பங்காகிவிடும். வீட்டிற்குள்ளோ, தொலைவைவிடத் தடுப்புகளே பெரும் பகை. பலகைச் சுவரை அலை எளிதில் கடந்துவிடும். செங்கற் சுவர் ஓரளவு தடுக்கும். இரும்புக் கம்பி பதித்த கான்கிரீட் சுவர் மிகுதியாகத் தடுக்கும். உலோகம் அலையைத் திருப்பியடிக்கும். ஆகவே தகரச் சுவர், இரும்பு அலமாரி, குளிர்பதனப் பெட்டி, பின்புறம் உலோகப் பூச்சுள்ள பெரிய நிலைக்கண்ணாடி ஆகியவற்றின் பின்னால் அலை நிழல் விழும். தண்ணீர் அலையை உறிஞ்சிக்கொள்ளும். மீன்தொட்டியும் தண்ணீர்ப் பீப்பாயும் வழியில் இருப்பது நல்லதன்று.

நம் லயத்து வீடுகள் பலவற்றின் கூரை தகரத்தால் ஆனது. உயர்ந்த கோபுரத்திலிருந்து சரிந்து வரும் கைப்பேசி அலையைத் தகரக் கூரை வெளியே திருப்பிவிடுகிறது. அத்தகைய வீட்டில் அலை உள்ளே நுழைவது பெரும்பாலும் சன்னல், கதவு, பலகைச் சுவர் வழியாகவே. வாசலில் நின்று பேசினால் குரல் தெளிவாகவும், உள்ளே சென்றதும் அறுந்தும் போவதன் காரணம் இதுவே.

பெட்டியை எங்கே வைப்பது?

கண்ணாடி இழைக் கம்பி வழியாக இணையம் பெறும் வீட்டில், பெட்டியை வீட்டின் நடுப்பகுதியில் வைப்பது சிறந்தது. முன்னறையின் ஒரு கோடியில் வைத்தால், அலையின் பாதி வாசலுக்கும் தெருவுக்கும் போய்விடும். தரையில் வைப்பதும், தொலைக்காட்சிக்குப் பின்னால் மறைப்பதும், இரும்பு அலமாரிக்குள் பூட்டுவதும், குளிர்பதனப் பெட்டியின் மேல் வைப்பதும் தவிர்க்கத்தக்கவை. ஐந்து அல்லது ஆறு அடி உயரத்தில், ஒரு பலகைத் தட்டின்மேல், நாற்புறமும் காற்றோட்டமாக இருக்குமாறு வைத்தல் வேண்டும். அழகுக்காக அதன்மேல் பூத்தையல் துணியைப் போர்த்துவோரும் உளர். தகரக் கூரையின் கீழ் நண்பகல் வெப்பம் மிகுதி. மூடிய பெட்டி சூடேறி வேகம் குன்றும்.

சிம் அட்டை மோடம் வைத்திருப்போருக்கு வேறொரு கணக்கு உண்டு. மோடம் ஒருபுறம் கோபுரத்தின் அலையை வாங்க வேண்டும். மறுபுறம் வீட்டிற்குள் அலையை வழங்க வேண்டும். இவ்விரண்டில் முதலாவதற்கே முதலிடம் தருக. வாங்காத பெட்டி எதை வழங்கும்? ஆகவே, கோபுரம் உள்ள திசையை நோக்கிய சன்னலின் அருகில், உயரமான இடத்தில் வைத்துத் தொடங்குங்கள். மழைச்சாரலும் நேர் வெயிலும் படாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபுரம் எந்தத் திசையில் உள்ளது என்று தெரியாவிடினும் கவலை வேண்டா. வீட்டின் நான்கு புறமும் உள்ள சன்னல்களில் மோடத்தை ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் பொறுத்திருந்து, அருகிலேயே நின்று வேகத்தை அளந்து எழுதுங்கள். எண் மிகுந்த இடமே மோடத்திற்கு உரிய இடம். சில வேளைகளில் இரண்டடி நகர்த்துவதாலேயே பெரும் மாற்றம் தெரியும். சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும். மற்றோரிடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும்.

அலையின் வலிமையைக் காட்டும் எண்ணையும் அறிந்துகொள்வது பயனுடைத்து. பல கைப்பேசிகளின் அமைப்புப் பகுதியில் 'சிம் நிலை' என்பதன் கீழ், கழித்தல் குறியுடன் ஓர் எண் தெரியும். அதன் அலகு டி.பி.எம். கழித்தல் எண் ஆதலின், சிறிய எண்ணே நல்லது. 4ஜி அலைக்கு −90 அல்லது அதனினும் சிறிய எண் நன்று; −110-ஐக் கடந்தால் மிக மெலிவு. வைஃபை அலைக்கு −67 வரை இருந்தால் காணொளிப் பாடம் நன்கு நடைபெறும். −80-ஐ நெருங்கினால் அறுபடத் தொடங்கும். இந்த அளவில் 10 எண் வேறுபாடு என்பது வலிமையில் பத்து மடங்கு வேறுபாடு. கைப்பேசியின் எண்ணைக் கொண்டு மோடத்திற்கு இடம் தேடுவோர், இரண்டிலும் ஒரே நிறுவனத்தின் சிம் அட்டை இருத்தல் வேண்டும் என்பதை நினைவிற் கொள்க. நிறுவனம் மாறினால் கோபுரமும் மாறக்கூடும்.

இரண்டு பெயர்கள், இரண்டு பாதைகள்

பல வீடுகளில் ஒரே பெட்டி இரண்டு வைஃபை பெயர்களைக் காட்டும். ஒன்று 2.4, மற்றொன்று 5. இவற்றில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் மிக்கது. ஆனால் சுவர்களைக் கடப்பதில் வலிமை குன்றியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் குறைந்தது. ஆயினும் தொலைவு செல்லும். பெட்டி உள்ள அறையிலேயே அமர்ந்து படிக்கும் பிள்ளை 5-ஐயும், பின்னறையில் இருப்பவர் 2.4-ஐயும் பயன்படுத்தலாம்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெரிசல் மிகுதி. உணவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே அலைவரிசையில் இயங்குவதால், அடுப்பு ஓடும்பொழுது அருகில் உள்ள இணைப்புத் தடுமாறும். புளுடூத் கருவிகளும் அதே வரிசையைச் சேர்ந்தவையே.

வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக அமைந்த லயங்களில் மற்றொரு சிக்கலும் எழுகிறது. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் அடுத்த வீட்டுப் பெட்டியோடு அலை இடத்திற்குப் போட்டியிடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் பல தடங்கள் இருப்பினும், ஒன்றன்மேல் ஒன்று படியாமல் இயங்கக்கூடியவை 1, 6, 11 என்னும் மூன்று தடங்களே. பக்கத்து வீட்டார் பேசி ஒத்துக்கொண்டு, முதல் வீடு 1, இரண்டாம் வீடு 6, மூன்றாம் வீடு 11, நான்காம் வீடு மீண்டும் 1 என்று அமைத்துக்கொண்டால், வரிசையில் உள்ள எல்லா வீடுகளும் பயனடையும். நிரை பிரித்து மரம் வெட்டுவது போன்றதே இது. இந்த மாற்றத்திற்கு ஒரு காசும் செலவில்லை. பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் போதும்.

மரங்களும் மழையும்

கோபுரத்திற்கும் வீட்டிற்கும் இடையே ரப்பர்க் காடோ செம்பனையோ நின்றால், முதற்கட்டத்திலேயே அலை மெலிகிறது. இலைகளில் உள்ள நீர் அலையை உறிஞ்சுகிறது; அடர்ந்த கிளைகள் அதனைச் சிதறடிக்கின்றன. ரப்பர் மரங்கள் ஆண்டின் முற்பகுதியில் இலையுதிர்க்கும்பொழுது அலை சற்றுத் தெளிவதும், புதுத் தளிர் விட்டு அடர்ந்தபின் மீண்டும் மங்குவதும் இதனால் நேரக்கூடியவை. மழை ஓய்ந்த பின்னும் இலைகள் ஈரமாக உள்ள வரையில் இணைப்புத் தளர்வதற்கும் காரணம் இதுவே. 2600 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசையைவிட, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை மரங்களை நன்கு ஊடுருவும். ஆதலின், நம் தோட்டத்தில் எந்த நிறுவனத்தின் அலை நன்கு எட்டுகிறது என்பதை அண்டை வீட்டாரின் கைப்பேசிகளைக் கொண்டு ஒப்பிட்டறிந்த பின்னரே சிம் அட்டை வாங்குதல் அறிவுடைமை. பட்டணத்தில் நன்றாக உள்ளது என்பதற்காகத் தோட்டத்திலும் நன்றாக இருக்கும் என்று எண்ணலாகாது.

சில மோடங்களில் வெளிப்புற ஏரியலைப் பொருத்துவதற்கான துளைகள் உண்டு. மரங்களுக்கு மேலே உயர்த்திய, கோபுரத்தை நோக்கிய ஏரியல் நல்ல பயன் தரும். ஆனால் நம் நாட்டில் இடியும் மின்னலும் மிகுதி என்பதை மறக்கலாகாது. நிலத்தொடர்புக் கம்பி இல்லாமல் உலோகக் கழியை நடுவதும், மின்கம்பிக்கு அருகில் ஏரியல் கட்டுவதும் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும். இவ்வேலையைத் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டே செய்தல் வேண்டும். ஏரியல் இல்லாத வீட்டிலும், இடி முழங்கத் தொடங்குமுன்னரே பெட்டியின் மின்செருகியைக் கழற்றிவிடுவது நல்ல வழக்கம்.

2021-ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. 4ஜி வசதி இல்லாத பழைய கைப்பேசியில் எவ்வளவு உயர்ந்த ஏரியலைக் கட்டினாலும் காணொளிப் பாடம் வாராது. பிள்ளைக்குப் பழைய கைப்பேசி வாங்குவோர் முதலில் இதனைப் பார்த்து வாங்குக.

பொருள் வாங்குமுன் சிந்திக்க

இடம் மாற்றிய பின்னும் பின்னறையில் அலை எட்டவில்லை எனில், மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பெட்டியிலிருந்து பின்னறைக் கணினிக்கு நேரே கம்பி இழுத்தல். இதுவே மலிவானதும் உறுதியானதுமாகும். இத்தகைய கம்பி 100 மீட்டர் வரை நன்கு பணியாற்றும். எந்த வீட்டிற்கும் அது போதும். இரண்டாவது, அலை நீட்டிப்புக் கருவி. இதனை அலையே எட்டாத அறையில் செருகுவது பலரும் செய்யும் பிழை. பெட்டிக்கும் அந்த அறைக்கும் நடுவில், அலை இன்னும் நன்றாக உள்ள இடத்தில் செருக வேண்டும். வாங்குவதற்கும் அனுப்புவதற்கும் ஒரே அலையைப் பயன்படுத்தும் மலிவான கருவிகளில் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பதையும் அறிந்திருத்தல் நலம். மூன்றாவது, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பல பெட்டிகளைக் கொண்ட 'மெஷ்' அமைப்பு. இது பெரிய வீடுகளுக்கு ஏற்றது. சிறிய லயத்து வீட்டிற்குப் பெரும்பாலும் வேண்டுவதில்லை.

கைப்பேசியின் பின்புறம் ஒட்டினால் அலை பெருகும் என்று விற்கப்படும் ஒட்டுத்தாள்களால் பயன் இல்லை. அலுமினியத் தாளைப் பெட்டியின் பின்னால் நிறுத்தும் முறை, ஒரு பக்கத்து அலையை மறுபக்கம் திருப்புமேயன்றி, புதிய அலையை உண்டாக்காது.

எச்சரிக்கை ஒன்றும் இங்குக் கூறுதல் கடமையாகும். கோபுரத்தின் அலையைப் பெருக்கித் தருவதாகச் சொல்லி விற்கப்படும், அனுமதி பெறாத 'பூஸ்டர்' கருவிகளைப் பொருத்துதல் 1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். அவை கோபுரத்தையே குழப்பி, சுற்றியுள்ள வீடுகள் அனைத்தின் இணைப்பையும் கெடுக்கக்கூடியவை. மோடம், ரவுட்டர், நீட்டிப்புக் கருவி ஆகியவற்றை வாங்கும்பொழுது, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை உள்ளதா எனப் பார்த்து வாங்குங்கள்.

மேலும், "கூடுதல் வேகத் திட்டத்திற்கு மாறுங்கள்" என்று முகவர் கூறும்பொழுது, நாம் எழுதி வைத்துள்ள தாளை எடுத்துப் பார்க்க வேண்டும். பெட்டியின் அருகில் வேகம் போதுமானதாகவும், பின்னறையில் மட்டும் குறைவாகவும் இருந்தால், மாதந்தோறும் கூடுதல் ரிங்கிட் செலுத்துவதால் பின்னறைக்கு நன்மை வாராது. ஓட்டை வாளிக்குப் பால் மிகுந்து என்ன பயன்?

வீட்டார் கடைப்பிடிக்க வேண்டியவை

வைஃபைக்கு வலுவான கடவுச்சொல் அமைத்தல் இன்றியமையாதது. பாதுகாப்பு முறையாக டபிள்யு.பி.ஏ.2 அல்லது டபிள்யு.பி.ஏ.3 என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லையும், பிறர் எளிதில் ஊகிக்கக்கூடிய தொலைபேசி எண்ணையும் தவிர்க்கவும். கடவுச்சொல் தெருவெல்லாம் தெரிந்திருந்தால், நாம் கட்டும் கட்டணத்தில் பலர் படம் பார்ப்பர். நம் பிள்ளையின் பாடம் தடைப்படும்.

வீட்டிற்குள்ளும் ஓர் ஒழுங்கு வேண்டும். தெளிவுமிகு திரைப்படம் ஒன்று வினாடிக்கு 5 மெகாபிட் அளவிற்கு எடுத்துக்கொள்ளும். வகுப்பு நடைபெறும் வேளையில் மற்றவர்கள் படம் பார்ப்பதை நிறுத்தி வைக்கலாம். அல்லது படத்தின் தெளிவை 480 என்னும் அளவிற்குக் குறைத்துக்கொள்ளலாம். பெட்டி தடுமாறும் நாளில், மின்சாரத்தை அரை நிமிடம் நிறுத்திப் பின்னர் இயக்கினால் பல வேளைகளில் சரியாகிவிடும். ஆனால் நாள்தோறும் அவ்வாறு செய்யவேண்டி வந்தால், பெட்டி பழுதுற்றது என்று கொள்க.

நம் கையில் இல்லாதவை

இவை அனைத்தையும் செய்தும், வீட்டின் எந்தச் சன்னலிலும் அலை கிடைக்கவில்லை எனில், குறை வீட்டில் இல்லை. கோபுரம் தொலைவில் உள்ளது. இந்நிலையில் ஒருவர் தனியே முறையிடுவதைவிட, லயத்தார் ஒன்றுகூடிச் செயலாற்றுவதே பயன் தரும். பத்து வீட்டார் தத்தம் வீட்டில் மூன்று வேளையும் அளந்து, நாள், நேரம், இடம், எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி ஒன்றாகத் தொகுத்துக்கொள்ளுங்கள். "லைன் சரியில்லை" என்ற ஒரு வரியைவிட, பத்துத் தாள்கள் உறுதியாகப் பேசும்.

முதலில் சேவை வழங்கும் நிறுவனத்திடம் முறையிட்டு, முறையீட்டு எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். தக்க மறுமொழி கிடைக்காவிடின், அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம். கோபுரம் எழுப்ப நிலம் வேண்டும். தோட்ட நிலம் நிறுவனத்திற்கு உரியது. ஆகவே தோட்ட நிர்வாகத்தின் இசைவும் தேவைப்படும். தொழிற்சங்கக் கிளையும், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இம்முயற்சியில் துணை நிற்கலாம்.

அதுவரையில் பிள்ளைகளின் பாடம் நின்றுவிடலாகாது. பல ஊர்களில் அரசாங்கம் 'நாடி' என்னும் தகவல் மையங்களை அமைத்துள்ளது. அங்கு இணைய வசதியும் கணினிப் பயிற்சியும் கிடைக்கின்றன. அருகில் மையம் எங்கே உள்ளது என்பதை விசாரித்தறிந்து பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நினைவிற் கொள்க

1. முதலில் அளந்து எழுதுக: பெட்டியின் அருகில், நடு அறையில், பின்னறையில், காலை, நண்பகல், இரவு.
2. குறை முதற்கட்டத்திலா, இரண்டாம் கட்டத்திலா என்று தெளிக.
3. சிம் மோடத்தைச் சன்னலருகில் உயரமாக வைக்க. கண்ணாடி இழைப் பெட்டியை வீட்டின் நடுவில் வைக்க.
4. உலோகம், தண்ணீர், கண்ணாடி ஆகியவற்றின் மறைவைத் தவிர்க்க.
5. அண்டை வீட்டாரோடு பேசி 1, 6, 11 தடங்களைப் பகிர்ந்துகொள்க.
6. இடி மின்னல் தொடங்குமுன்னரே மின்செருகியைக் கழற்றுக.
7. அனுமதியற்ற பூஸ்டரை வாங்கற்க. சான்று முத்திரையைப் பார்த்து வாங்குக.
8. அலையே எட்டாத இடமாயின், ஒன்றுகூடி, எழுதிய தாள்களோடு முறையிடுக.

ஒரு தாளும் ஒரு பென்சிலும் ஒரு விடுமுறை நாளும் இருந்தால் இப்பாடத்தின் பெரும்பகுதியை எவரும் செய்து பார்க்கலாம். படித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், அளந்து எழுதும் வேலையை அவர்களிடமே ஒப்படையுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுச் சன்னல்களில் இச்சோதனையைத் தொடங்குவோமாக.